முதல் ஜேசிபி வாங்கியவருக்கு: வண்டி பட்டறையில் நிற்காமல் ஓட

நம் ஊரில், முன்னால் அள்ளும் பக்கெட்டும் பின்னால் தோண்டும் கையும் உள்ள பேக்ஹோ லோடர் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும் அதற்குப் பெயர் ஜேசிபிதான். செயினில் ஓடும் எக்ஸ்கவேட்டர் எதுவானாலும் ஹிட்டாச்சி. நானும் அந்த வழக்கப்படியே எழுதுகிறேன். லோன் போட்டு முதல் வண்டியை எடுத்து, பூஜை போட்டு, ஆபரேட்டரையும் பிடித்துவிட்டீர்கள். அதற்கு அப்புறம் வண்டியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் இந்தக் கட்டுரை. இதில் பெரும்பகுதி ஹிட்டாச்சிக்கும் டிப்பருக்கும் பொருந்தும்.

முதலில் நான் பட்ட பாட்டைச் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டி ஒன்றை வாங்கித்தான் நான் ஆரம்பித்தேன். ஒரு வாளி கிரீஸ் வாங்கிக் கொடுத்தேன். தினமும் கேட்பேன், "அடிச்சாச்சுண்ணே" என்பார் ஆபரேட்டர். நாலு மாதம் ஆகியும் அந்த வாளி பாதிகூடக் காலியாகவில்லை என்பதை நான் எட்டிப் பார்க்கவே இல்லை. ஒருநாள் பின்பக்கப் பூமை (தோண்டும் கையை) இடம் வலமாகத் திருப்பும்போது 'டக் டக்' என்று சத்தம். மெக்கானிக் வந்தார், பூமுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். "தம்பி, இங்க வந்து பாருங்க" என்றார். அவர் நெம்ப நெம்ப அவ்வளவு பெரிய பூம் பல் ஆடுவதுபோல ஆடியது. பூம் திரும்பும் மூட்டான கிங்போஸ்ட்டில் பின்னும் (மூட்டின் இரும்புத் தண்டு) புஷ்ஷும் (அதைச் சுற்றிய உறை) தேய்ந்ததோடு, அவை உட்காரும் துளையே முட்டை வடிவமாகிவிட்டது. துளையை வெல்டிங்கால் நிரப்பி, திரும்ப வட்டமாகக் கடைந்து, புது பின் புஷ் ஏற்றி முடிக்க 11 நாள். அந்த மாதத் தவணை வீட்டு நகையை அடகு வைத்துத்தான் கட்டினேன். தேவைப்பட்டது தினமும் பத்து நிமிடமும் கொஞ்சம் கிரீஸும்தான். அன்றிலிருந்து கிரீஸ் வாளியை நானே வாரம் ஒருமுறை திறந்து பார்க்கிறேன்.

கிலோமீட்டர் இல்லை, மணி

காருக்குக் கிலோமீட்டர், இந்த வண்டிகளுக்கு ஹவர் மீட்டர். ஒரே இடத்தில் நின்று எட்டு மணி நேரம் பள்ளம் தோண்டும் வண்டி ஒரு கிலோமீட்டர்கூட நகர்ந்திருக்காது, ஆனால் இன்ஜின் எட்டு மணி நேரம் உழைத்திருக்கும். அதனால் கையேட்டில் எல்லா வேலையும் 10, 50, 250, 500, 1,000, 2,000 மணி என்ற படிகளில்தான் இருக்கும். ஒரு நாளைக்கு 8 மணி, மாதம் 25 நாள் என்றால் மாதத்துக்கு 200 மணி. அந்தக் கணக்கில் 250 மணி ஐந்து வாரத்தில் வந்துவிடும், 2,000 மணி பத்தே மாதத்தில் வந்துவிடும். "போன தீபாவளிக்குத்தான் ஆயில் மாத்தினோம்" என்ற பேச்செல்லாம் இங்கே செல்லாது.

எந்தப் படியில் என்ன மாற்றுவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். சில இன்ஜினுக்கு ஆயில் 250 மணி, சிலவற்றுக்கு 500. பக்கத்து ஊர்க்காரர் சொல்வதைக் கேட்காமல் உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். கையேடு இல்லையென்றால் டீலரிடம் கேட்டு வாங்குவதுதான் முதல் வேலை.

பழைய வண்டி வாங்கியவர் இன்னொன்றும் செய்ய வேண்டும். முந்தைய உரிமையாளர் எப்போது எதை மாற்றினார் என்று வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பி ஓட்டாதீர்கள். இன்ஜின் ஆயில், எல்லா ஃபில்டர், கியர் ஆயில், ஆக்ஸில் ஆயில், கூலன்ட் அத்தனையையும் ஒரே தடவையாக மாற்றி, அன்றைய ஹவர் மீட்டர் எண்ணை எழுதி வையுங்கள். உங்கள் கணக்கு அங்கிருந்து தொடங்கட்டும். பூமையும் பக்கெட்டையும் அசைக்கும் ஹைட்ராலிக் ஆயில் மட்டும் நூறு லிட்டருக்கு மேல் பிடிக்கும், செலவு அதிகம். அதைச் சாம்பிள் எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

காலை 15 நிமிடம்

வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே இதெல்லாம் நடக்க வேண்டும். சாவியைத் திருகியபின் பார்ப்பதில் பாதிப் பயன் போய்விடும்.

முதலில் வண்டிக்கு அடியில் தரையைப் பாருங்கள். இரவு முழுக்க நின்ற வண்டி எதையாவது சொட்டியிருந்தால் தரை காட்டிக்கொடுத்துவிடும். கறுப்பாக இருந்தால் இன்ஜின் ஆயில். தேன் நிறத்தில் தெளிவாக இருந்தால் பெரும்பாலும் ஹைட்ராலிக். பச்சை அல்லது சிவப்புத் தண்ணீர் என்றால் கூலன்ட். டீசலை வாசமே சொல்லும்.

அடுத்து, இன்ஜின் ஆயில் மட்டம் பார்க்கும் டிப்ஸ்டிக். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். அளவு குறைகிறதா என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள், கூடுகிறதா என்றும் பாருங்கள். ஊற்றாமலே ஆயில் மட்டம் ஏறினால் டீசலோ தண்ணீரோ உள்ளே கலக்கிறது என்று பொருள். பால் கலந்த காபி நிறம் வந்திருந்தால் தண்ணீர் என்பதில் சந்தேகமே இல்லை. அன்று வண்டியை எடுக்காதீர்கள். எவ்வளவு அவசர வேலையாக இருந்தாலும் சரி.

ரேடியேட்டர் மூடியை இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும் திறங்கள். "நம்ம ஊர்ல பனியா உறையப் போகுது, தண்ணி போதும்" என்று பலர் குழாய்த் தண்ணீரையே ஊற்றுகிறார்கள். கூலன்ட் உறையாமல் இருக்க மட்டுமல்ல. அது கொதிநிலையை உயர்த்துகிறது, துருவைத் தடுக்கிறது, லைனரின் (பிஸ்டன் ஓடும் உருளையின்) வெளிப்பக்கத்தில் பொடிப் பொடியாகக் குழி விழுவதையும் தடுக்கிறது. போர் தண்ணீரின் உப்பு ரேடியேட்டருக்குள் படிவதை, வீட்டு வாளியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தே புரிந்துகொள்ளலாம்.

டீசல் ஃபில்டரோடு இருக்கும் வாட்டர் செப்பரேட்டரின் அடித் திருகைத் தளர்த்தி, தேங்கிய தண்ணீரை விட்டுவிடுங்கள். தண்ணீர் அதிகம் வருகிறதென்றால் டீசல் வரும் வழியைப் பாருங்கள். சைட்டில் கேன்களில் டீசல் கொண்டுபோய் ஊற்றுவதுதான் நம் வழக்கம். அந்தக் கேனை வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது, மூடி இல்லாமல் வைக்கக் கூடாது, புனலில் வடிகட்டி இருக்க வேண்டும். டேங்க்கைக் காலையில் நிரப்புவதைவிட மாலையில் நிரப்புவது நல்லது. காலி டேங்க்கின் காற்றிலுள்ள ஈரம்தான் இரவில் குளிர்ந்து தண்ணீராகிறது. விலை குறைவு என்று யாராவது கொண்டுவந்து தரும் டீசல் மட்டும் வேண்டவே வேண்டாம். 2020 ஏப்ரல் முதல் நாடு முழுக்க வரும் பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். புது இன்ஜின்கள் அதை நம்பிச் செய்யப்பட்டவை.

அப்புறம் ஒரு சுற்று நடந்து வாருங்கள்: டயர் வெட்டு, வீல் நட், ஹோஸ்களின் மேல்தோல், பின்களின் லாக் போல்ட், பக்கெட் பல். பல் தேய்ந்த பக்கெட் மண்ணை வெட்டாமல் இடிக்கும், அதற்கும் டீசல் செலவு உங்களுடையதுதான்.

ஸ்டார்ட் செய்ததும் மூன்று, நாலு நிமிடம் ஐடிலில் விடுங்கள். நிறுத்தும்போதும் அப்படியே. டர்போ உள்ள இன்ஜினை முழு வேகத்திலிருந்து பட்டென்று அணைத்தால், சூடாகச் சுழன்றுகொண்டிருக்கும் டர்போவுக்கு ஆயில் நின்றுபோகும்.

கிரீஸ் மட்டும் என் வண்டிகளில் மாலையில். வேலை முடிந்து பின்கள் சூடாக இருக்கும்போது கிரீஸ் நன்றாக ஏறும், அன்று உள்ளே போன மண்ணையும் ஈரத்தையும் வெளியே தள்ளும். நிப்பிளை (கிரீஸ் ஏற்றும் சின்ன வாயை) துணியால் துடைத்துவிட்டு கிரீஸ் கன்னை வையுங்கள். துடைக்காமல் அடித்தால் நிப்பிளின் மேலிருக்கும் மண்ணை நீங்களே உள்ளே ஏற்றுகிறீர்கள். ஓரங்களில் பழைய கறுப்பு கிரீஸ் வந்து, பின்னாலேயே புது கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடிக்க வேண்டும். ஒரு நிப்பிள் ஏற மறுத்தால் அடைத்திருக்கிறது, மாற்றுங்கள். சில ரூபாய்ச் சாமான் அது. எத்தனை நிப்பிள் இருக்கிறது என்று ஒருநாள் நீங்களே எண்ணி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் மஞ்சள் பெயின்ட்டால் எண் போட்டுவிடுங்கள். என் வண்டிகளில் அதைச் செய்தபின் "மறந்துட்டேண்ணே" என்ற பேச்சே இல்லை.

ஏர் ஃபில்டர்: நல்ல எண்ணத்தில் கெடுக்கப்படும் பொருள்

கல் குவாரியிலும் எம்-சாண்ட் கிரஷரிலும் வேலை செய்யும் வண்டியின் பெரிய எதிரி தூசி. கல் தூசி உள்ளே போனால் ரிங்கையும் லைனரையும் அரம் போட்டதுபோல் தேய்த்துவிடும். இதற்குப் பயந்து தினமும் ஃபில்டரைக் கழற்றி டயரில் தட்டி மாட்டுகிறார்கள். அது தவறு. தட்டினால் காகித மடிப்பு கிழியும், ரப்பர் விளிம்பு நசுங்கும். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் கொஞ்சம் தூசி உள்ளே விழும்.

ஏர் ஃபில்டரில் அடைப்பைக் காட்டும் இண்டிகேட்டர் இருக்கிறது. அது சிவப்புக்கு வந்தால் வெளி ஃபில்டரைக் கழற்றி, மெதுவான காற்றால், 30 பிஎஸ்ஐக்கு மேல் போகாமல், உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக ஊதுங்கள். பிறகு அதற்குள் ஒரு டார்ச் விளக்கை வைத்து வெளியிலிருந்து பாருங்கள். எங்காவது ஒளி புள்ளியாகத் தெரிந்தால் ஓட்டை. ஃபில்டரைத் தூக்கிப் போடுங்கள். உள் ஃபில்டரை ஊதவே கூடாது, மாற்ற மட்டும்தான். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாயின் உள்பக்கத்தை மாதம் ஒருமுறை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணியில் மண் ஒட்டினால் கிளாம்ப் எங்கோ தளர்ந்து, இன்ஜின் வடிகட்டாத காற்றைக் குடித்துக்கொண்டிருக்கிறது.

ஹைட்ராலிக்: கண்ணுக்குத் தெரியாத அழுக்கு

மனிதக் கண்ணால் சுமார் 40 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைந்த துகளைப் பார்க்க முடியாது. ஹைட்ராலிக் பம்ப்புக்குள்ளும் வால்வுக்குள்ளும் இருக்கும் இடைவெளியோ சில மைக்ரான்தான். ஆகவே "ஆயில் சுத்தமாத்தான் இருக்கு" என்று பார்த்துச் சொல்வதில் அர்த்தமில்லை. பம்ப்பைக் கெடுப்பது நாம் பார்க்க முடியாத துகள்.

அது எப்படி உள்ளே போகிறது? பெரும்பாலும் நம் கையால்தான். டேங்க் மூடியைச் சுற்றித் துடைக்காமல் திறப்பது, திறந்து கிடந்த வாளியில் ஆயில் பிடிப்பது, ஹோஸ் மாற்றும்போது இரு முனைகளையும் மூடாமல் மண்ணில் போடுவது. நான் கழற்றிய முனைகளில் சுத்தமான பிளாஸ்டிக் பையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுவிடுவேன். இன்னொரு வழி சிலிண்டர் ராடு. பளபளக்கும் ராடில் கல் பட்டு ஒரு சிறு வெட்டு விழுந்தால், அது ஒவ்வொரு முறை உள்ளே போகும்போதும் சீலைக் கிழிக்கும். பக்கத்தில் வெல்டிங் வைக்கும்போது பொறி ராடில் படாமல் ஈரச் சாக்கைச் சுற்றுங்கள்.

பாறை உடைக்க பிரேக்கர் மாட்டி ஓட்டுபவர்கள் ஹைட்ராலிக் ஆயில், ஃபில்டர் இரண்டையும் கையேட்டின் சாதாரணக் கணக்குக்கு முன்பே மாற்ற வேண்டும். பிரேக்கரில் ஆயில் அதிகம் சூடாகும், அழுக்கும் அதிகம் சேரும்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து உங்கள் ஆபரேட்டரையும் ஹெல்பரையும் உட்கார வைத்துச் சொல்லுங்கள். ஹோஸில் கசிவு எங்கே என்று கையால் தடவிப் பார்க்கக் கூடாது. காரின் டயரில் இருக்கும் காற்று 2 பார் அழுத்தம்தான். இந்த ஹோஸ்களில் 200 பாருக்கு மேல். ஊசிமுனை ஓட்டையிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே முள் குத்தியதுபோல ஒரு புள்ளி, வலியும் முதலில் பெரிதாக இருக்காது. உள்ளே சதை அழுகத் தொடங்கிவிடும். விரலையோ கையையோ எடுக்க வேண்டிய நிலைகூட வரலாம். அப்படிப் பட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு வேலையைத் தொடராமல், அந்த நிமிடமே அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், "அதிக அழுத்தத்தில் ஆயில் உள்ளே போயிருக்கிறது" என்று சொல்ல வேண்டும். கசிவைத் தேட ஒரு அட்டைத் துண்டைக் கிட்டே பிடியுங்கள்; அட்டை நனையும் இடமே ஓட்டை.

கை வைப்பதற்கு முன்

எந்தச் சிறு வேலையானாலும் இந்த வரிசையை விடாதீர்கள். சமதரை, ஹேண்ட் பிரேக், சக்கரத்துக்குக் கட்டை. லோடர் பக்கெட்டையும் பின் பக்கெட்டையும் தரையில் இறக்கு. இன்ஜினை அணை. லீவர்களை நாலு பக்கமும் ஆட்டி உள்ளே தேங்கிய அழுத்தத்தை விடு. சாவியை எடுத்து, வேலை செய்பவர் தன் பாக்கெட்டிலேயே போட்டுக்கொள்ள வேண்டும். லோடர் கையைத் தூக்கி வைத்துத்தான் வேலை செய்ய முடியும் என்றால், சிலிண்டர் ராடின் மேல் அதற்கென்றே கொடுத்திருக்கும் சேஃப்டி ஸ்ட்ரட் என்ற தாங்கியை மாட்டாமல் ஒருவரும் அடியில் போகக் கூடாது. ஹோஸ் வெடித்தால் அந்தக் கை கண் மூடித் திறப்பதற்குள் இறங்கிவிடும். வெல்டிங் என்றால் பேட்டரி வயர்களைக் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்ப்பை வெல்டிங் வைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே போடுங்கள். தூரத்தில் போட்டால் பேரிங், பின் வழியாகக் கரண்ட் பாய்ந்து அவற்றைக் கெடுக்கும்.

எதை எப்போது மாற்றுவது

எல்லாவற்றையும் மணிக் கணக்கில் மாற்றினால் பணம் போதாது. எல்லாவற்றையும் கெட்டபின் மாற்றினால் வேலை போகும். நான் பொருட்களை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறேன். கேபின் விளக்கு, ரேடியோ, சீட் உறை போன்றவை கெட்டபின் மாற்றினால் போதும். ஆயில், ஃபில்டர், கூலன்ட், பெல்ட் எல்லாம் மணி வந்தால் மாற்றியே ஆக வேண்டும், நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும். பின், புஷ், ஹோஸ், டயர், ஹிட்டாச்சியின் செயின், ரோலர் இவையெல்லாம் அளந்து பார்த்து மாற்ற வேண்டியவை. இந்த மூன்றாவது வகையில்தான் காசு மிச்சமாவதும் வீணாவதும். பத்து நாளுக்கு ஒருமுறை கடப்பாரையால் பூமை நெம்பிப் பாருங்கள். ஆட்டம் தொடங்கிய அன்றே புஷ்ஷை மாற்றினால் துளை பிழைக்கும்.

ஹிட்டாச்சிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: களிமண்ணில் வேலை முடிந்ததும் செயினில் ஒட்டியிருக்கும் மண்ணை அன்று மாலையே மண்வெட்டியால் தள்ளிவிடுங்கள். காய்ந்து இறுகினால் ரோலர் சுற்றாது, இழுபட்டுத் தட்டையாகத் தேயும்.

ஆயில் மாற்றும் நாளில் பழைய ஃபில்டரைக் குப்பையில் போடாதீர்கள். ஹாக்ஸா பிளேடால் அறுத்தால் இரும்புத் தூள் உள்ளே விழுந்து குழப்பும். ஃபில்டர் கட்டர் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் தகரம் வெட்டும் கத்தரியால் வெட்டுங்கள். மடிப்புக் காகிதத்தை உருவி, ஆயிலைப் பிழிந்து, செய்தித்தாளில் விசிறிபோல விரித்து வெயிலில் வையுங்கள். மெல்லியதாக ஒரு கறுப்புப் படிவு மட்டும் இருந்தால் நிம்மதியாக இருக்கலாம். வெயிலில் மினுக்கினால் குனிந்து பாருங்கள். ஒரு காந்தத்தைக் காகிதத்துக்கு அடியில் நகர்த்துங்கள். கூடவே நகர்ந்தால் இரும்பு அல்லது எஃகு. நகராமல் செம்பு நிறத்தில் மின்னினால் ஏதோ ஒரு பேரிங்கோ புஷ்ஷோ தேய்கிறது. என் இரண்டாவது வண்டியில் அப்படித் தெரிந்த செம்புப் பொடியைப் பார்த்துத்தான், சத்தம் எதுவும் வருவதற்கு முன்பே இன்ஜினை இறக்கிப் பார்த்தோம். பேரிங் மாற்றியதோடு முடிந்தது, இன்ஜினின் நடுத்தண்டான கிராங்க் தப்பித்தது. சந்தேகம் இருந்தால் ஆயில் சாம்பிளை லேபுக்கு அனுப்பலாம். அறிக்கையில் சிலிக்கான் ஏறியிருந்தால் தூசி உள்ளே போகிறது, ஏர் ஃபில்டர் பக்கம் பாருங்கள்.

நோட்டும் ஆபரேட்டரும்

ஒரு நீள நோட்டு போதும். தேதி, ஹவர் மீட்டர், டீசல் லிட்டர், என்ன செய்தோம், என்ன விலை. டீசலை மணியால் வகுத்து எழுதிக்கொண்டே வாருங்கள். அதே வேலைக்கு அதே வண்டி திடீரென்று மணிக்கு ஒரு லிட்டர் கூடக் குடித்தால், ஏதோ சரியில்லை என்பதை எந்த மெக்கானிக்குக்கும் முன்பாக அந்த நோட்டு சொல்லும். வாடகை கைக்கு வந்ததும் மணிக்கு 100 ரூபாய் என்று நான் தனிக் கணக்கில் போட்டுவிடுகிறேன். வருடம் 1,800 மணி ஓடினால் 1,80,000 ரூபாய். சர்வீஸ் வரும்போது யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை.

ஆபரேட்டர் எட்டு மணி நேரம் வண்டியின் மேலேயே உட்கார்ந்திருக்கிறார். சத்தம் மாறுவது, லீவர் கனப்பது எல்லாம் அவருக்குத்தான் முதலில் தெரியும். ஜப்பானில் கார் உதிரிபாகம் செய்யும் நிப்பான்டென்சோ கம்பெனி, மெஷினை ஓட்டுபவரே அதைத் துடைத்து, ஆயில் போட்டு, பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற முறையை வளர்த்தெடுத்து 1971-ல் அதற்காக விருதே வாங்கியது. நம் சைட்டிலும் அது நடக்கும், ஆனால் கிரீஸ் அடிக்கும் கால் மணி நேரத்துக்கும் சம்பளம் உண்டு என்றால்தான் நடக்கும். வாடகை மணியை மட்டும் கணக்குப் பார்த்து படி கொடுத்தால் அவர் ஏன் அடிக்கப் போகிறார்? என் முதல் ஆபரேட்டரை நான் அப்போது கோபித்துக்கொண்டேன். கணக்கைத் தவறாக வைத்திருந்தவன் நான். உங்கள் ஆபரேட்டர் வந்து "அண்ணே, ஒரு மாதிரி சத்தம் வருது" என்று சொன்னால் வேலையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். ஒருமுறை "அதெல்லாம் ஒண்ணுமில்ல, ஓட்டு" என்று சொல்லிவிட்டால் அடுத்த முறை அவர் சொல்ல மாட்டார்.

ஆயுத பூஜைக்கு வண்டியை எப்படியும் கழுவுவீர்கள். சந்தனம் குங்குமம் வைப்பதற்கு முன், காய்ந்த வண்டியை வெயிலில் நிறுத்தி, பூம், சேசிஸ், ஸ்டெபிலைசர் கால்களின் வெல்டிங் ஓரங்களை நிதானமாகப் பாருங்கள். பெயின்ட்டில் மயிரிழை போலத் துரு ஓடியிருந்தால் அடியில் விரிசல் இருக்கக்கூடும். கழுவும்போது தண்ணீரை ஒயர் கனெக்டர்களிலும் டேங்க் பிரீதரிலும் (டேங்க்குக்குக் காற்று போகும் வழி) பீய்ச்ச வேண்டாம், கழுவியதும் எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடித்துவிடுங்கள்.

கடைசியாக ஒரு தகரப் பெட்டி. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது சைட்டில் வண்டி நிற்கும்போதுதான் நன்றாகப் புரியும். ஹோஸின் விலையைவிட அதை டவுனிலிருந்து கொண்டுவரும் செலவும் நின்றுபோன மணியும் அதிகம். அடிக்கடி வெடிக்கும் இரண்டு ஹோஸ், ஓ-ரிங் செட், டீசல் ஃபில்டர் ஒன்று, ஃபேன் பெல்ட், ஃபியூஸ், ஹோஸ் கிளாம்ப், கிரீஸ் நிப்பிள் பத்து, பக்கெட் பல்லுக்கான பின், ஐந்து லிட்டர் அடைத்த ஹைட்ராலிக் ஆயில், சுத்தமான துணி. மூடியின் உள்பக்கம் இந்தப் பட்டியலை ஒட்டிவிட்டு, எடுத்ததை அந்த வாரமே திரும்ப வாங்கி வையுங்கள்.